காகிதப்பூவுக்குப் பெயர் வந்த கதை

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் சுற்றுச்சுவரே தெரியாமல் படர்ந்து கிடக்கிறது பாருங்கள், காகிதப்பூ. இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நர்சரியில் போகன்வில்லா என்று கேட்டால் தருவார்கள்.

ஒரு கொத்தைப் பறித்துக் காட்டுகிறேன். ரோஸ் நிறத்தில் இருக்கிற இந்த மூன்றும் இதழ் இல்லை, இலை. வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறேன், நரம்பு ஓடுவது தெரிகிறதா? ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் மெல்லிய குழல் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் நுனியில் குட்டியாக, வெள்ளையாக விரிந்திருக்கிறதே, அதுதான் பூ. நம் வீட்டு அந்திமந்தாரையும் இதே குடும்பம்தான்.

சரி, பெயருக்கு வருவோம். இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1766-இல் லூயி அந்துவான் தெ பூகன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் கப்பலில் உலகைச் சுற்றக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் தாவரவியலாளராகப் போனவர் ஃபிலிபேர் கொமெர்சோன். 1767-இல் ரியோ டி ஜெனீரோவில் இந்தக் கொடி கிடைத்ததும், தலைவரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். அந்தப் பெயர் அச்சேறியது 1789-இல். அதற்கு 16 வருடம் முன்பே கொமெர்சோன் மொரீசியஸில் இறந்துபோயிருந்தார்.

ஆனால் இந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது ழான் பாரேதான். கொமெர்சோனின் உதவியாளர், ஒரு பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. ஆண் வேடம் போட்டு ஏறிவிட்டார்! கொமெர்சோனுக்கோ காலில் புண். மலை ஏறுவதும் செடிகளைச் சேகரிப்பதும் கட்டுக்கட்டாகச் சுமந்து வருவதும் பெரும்பாலும் பாரேயின் தலையில்தான் விழுந்தது. இதோ இந்த முள்ளைப் பாருங்கள். கொடி பற்றி ஏறுவதே இதை வைத்துத்தான். போன வாரம் கிளை வெட்டப் போய் என் முழங்கை முழுக்கக் கீறல். அப்போது பாரேயைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உலகத்தைக் கடல் வழியே சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். ஒரே செடியில் விதவிதமான வடிவத்தில் இலை விடும் ஒரு தாவரத்துக்கு கொமெர்சோன் பாரேயின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். அப்புறம் 2012-இல், தென் அமெரிக்காவில் கண்டறிந்த ஒரு கொடிக்கு சோலானம் பாரெட்டியே என்று பெயர் சூட்டினார்கள். கத்தரி, தக்காளி இனம். அதற்கும் இலைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.