காயலான் கடைக்கு வந்த கோபால்ட்

நண்பர்களே, காயலான் கடையில் வேலை செய்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பொருள் வந்ததும் தட்டிப் பார்ப்பார், காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார், கையில் தூக்கிப் பார்த்தே ஈயமா இரும்பா என்று சொல்லிவிடுவார். அந்தக் கைப்பழக்கம் எதுவும் உதவாத ஒரு பொருள் 2010இல் டெல்லியின் மாயாபுரி காயலான் கடைச் சந்தைக்கு வந்தது.

அது டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் காமா கதிர்க் கருவி. கனடாவில் செய்தது. 1985க்குப் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் ஏலம் விட்டுவிட்டார்கள். உள்ளே கோபால்ட் 60 என்ற கதிர்வீசும் உலோகம் இருந்தது. ஐந்து வருடம் சொச்சத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். நாற்பது வருடமாகப் பாதி, பாதியில் பாதி என்று குறைந்தும் ஆளைக் கொல்ல மிச்சம் இருந்தது.

மாயாபுரியில் ஈய உறையைப் பிரித்தார்கள். ஈயத்துக்கு நல்ல விலையாயிற்றே! உள்ளே சின்னச் சின்ன உலோகக் குச்சிகள். சூடு இல்லை, வாடை இல்லை. ஒருவர் ஒரு துண்டைப் பர்ஸில் போட்டுப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அப்புறம் தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஏப்ரலில் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் இது கதிரியக்கம் என்றே தெரிந்தது. ஒரு தொழிலாளி செத்துப்போனார். இன்னும் சிலர் படுக்கையில் கிடந்தார்கள்.

அந்தக் கருவியை வாங்கியபோது கையெழுத்துப் போட ஆள் இருந்திருப்பார். சும்மா கிடந்த 25 வருடத்தில் "அது எங்கே?" என்று கேட்க ஒருவர்கூடவா இல்லை? இப்படிப்பட்ட கதிர்வீச்சுக் கருவிகளுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல்தான் வந்தது, கருவி அதற்கும் முந்தியது. சரி, பழைய கணக்கைத் தோண்டி எடுப்பது யார் வேலை? என் ஆதங்கமெல்லாம் இந்த ஒரு கேள்விதான்.

2012இல் மத்திய தணிக்கைத் துறை இந்த வாரியத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. நாட்டில் 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்கள். அதில் 52,173 பதிவே இல்லாமல் நடந்தன. மாநிலத்துக்கு ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே சொல்லியிருந்தது. அறிக்கை வந்த நேரத்தில் கேரளமும் மிசோரமும் மட்டுமே அமைத்திருந்தன. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கப் போனால் வாரியத்தின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே நாள் முழுக்கப் பொத்தானை அழுத்துகிற பிள்ளையின் சட்டையில், கதிர் அளவைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று அந்த எக்ஸ்ரே நிலையத்தின் முதலாளியிடம் அங்கேயே கேளுங்கள்.