கத்திப் பிடியில் சுற்றிய துணி

அன்பார்ந்த வானொலி நேயர்களே, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில், பொருள் வடிவமைப்புப் பயிலும் கல்லூரி மாணவர்கள் சிலர், விரிவுரையாளர்களின் கையை எதிர்பாராமல் தாங்களே பொறுப்பேற்று ஒரு மாநாடு நடத்த முனைந்திருக்கிறார்கள். பொருள் வடிவமைப்பு என்பது ஒன்றை அழகுபடுத்தும் வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். நீங்கள் இப்போது திருகிய வானொலிக் குமிழ், காலையில் தேநீர் அருந்திய கோப்பையின் காது, மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடி ஆகிய ஒவ்வொன்றும் எந்தக் கைக்கு எப்படிப் பொருந்த வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ததுதான் அந்த வேலை.

யாரைப் பேச அழைக்கலாம் என்று அம்மாணவர்கள் என்னைக் கேட்டபோது, ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய நம் தாய்மார்களை முதல் வரிசையில் அமர்த்துங்கள் என்றேன். அதற்குக் காரணம் என் அம்மாவின் கத்தி.

மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்வது புதிதன்று. விடியுமுன், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். மரத்தைச் சாகவிடாமல் பழைய வெட்டிலேயே மீண்டும் மீண்டும் சீவும் முறையை வகுத்தவர், 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நிர்வகித்த ஹென்றி ரிட்லி. முறையை அவர் வகுத்தார். கத்தியைத் தன் கைக்கு இணக்கிக்கொண்டவர்கள் வெட்டியவர்களே. என் அம்மா பழைய சாரோங்கிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துப் பிடியில் இறுகச் சுற்றியிருப்பார். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் இரண்டு சுற்று கூடுதலாக இருக்கும், ஏனெனில் அந்த விரலின் மூட்டில் அவருக்கு வலி இருந்தது. அப்பா ஒருநாள் அக்கத்தியை எடுத்துப் போய், நாலு மரம் வெட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

நான் மாணவனாக இருந்தபோது, வெட்டுக் கத்திக்கு ஒரு புதுப்பிடியை வழவழப்பான பிளாஸ்டிக்கில் செய்து, வகுப்பில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். பெருமையோடு அதை அம்மாவிடம் நீட்டினேன். பத்து மரம் வெட்டிவிட்டு வந்து அவர் சொன்னார்: “பாக்க நல்லாத்தான் இருக்கு தம்பி, பால் பட்டா கை வழுக்குதே.” அந்தத் துணிச் சுற்றைப் பல ஆண்டுகள் பார்த்திருந்தும், அது ஏன் அங்கே இருந்தது என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. மாநாட்டுக்கு வரும் பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: பிடியில் சுற்றிய துணி, வாளியின் கைப்பிடியில் செருகிய ரப்பர்க் குழாய், இவற்றைக் கண்டால் நின்று, ஏன் என்று கேளுங்கள்.

இப்போது பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நீண்ட கம்பத்தின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே குலை அறுப்பவர்களுக்குக் கழுத்தும் தோளும் படும் பாடு, அக்கம்பத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்தவருக்கே புரியும். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் இதற்காகக் காந்தாஸ் என்னும் இயந்திர அரிவாளை உருவாக்கியிருக்கிறது. பழைய கம்பத்தையும் காந்தாஸையும் மாணவர்கள் மாறி மாறித் தூக்கிப் பார்க்க மாநாட்டில் அரைநாள் ஒதுக்கலாம். குலை அறுக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் அழைக்கலாம். மாணவர்களே நடத்தும் மாநாட்டின் நன்மையும் இதுதான்: எது மேடையேற வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம்.

மாநாட்டில் மாணவர்கள் தங்கள் படைப்புத் தொகுப்பை அனுபவசாலிகளிடம் காட்டும் பகுதியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். தோற்றுப்போன மாதிரிகளையும் தொகுப்பில் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, அவசரமானது. 1996ஆம் ஆண்டின் தொழில்துறை வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த வடிவத்துக்கு முதலில் 5 ஆண்டுகள், புதுப்பித்துக்கொண்டால் 25 ஆண்டுகள் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் அது புதிய வடிவமாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பலர் பார்வைக்கு வைத்தால் அந்தத் தகுதி பறிபோகக்கூடும். ஆகவே மாநாட்டுக் கூடத்தில் மாதிரியை வைக்கும் முன், அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விசாரித்துவிடுங்கள். வணக்கம்.