நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். திருவொற்றியூர்த் தியாகராயர் கோயிலும், ராயபுரத்துப் புனித பேதுரு தேவாலயமும், 1910இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயிலும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருக்கும் வடசென்னையில், சமயத்தைப் பற்றிய வாதம் படிப்பகங்களிலும் தேநீர்க் கடை வாசல்களிலும் ஓயாமல் நடக்கிறது. "உண்டென்று நீ நிரூபி" என்கிறார் ஒருவர். "இல்லையென்று நீ நிரூபி" என்கிறார் மற்றவர். யார் முதலில் நிரூபிப்பது என்பதே தீராததால், கடவுளைப் பற்றிய பேச்சு தொடங்காமலே முடிந்துவிடுகிறது.

நீதிமன்றத்தில் இதற்கு விதி உண்டு. தாம் கூறும் செய்திகளை நம்பி ஓர் உரிமை குறித்துத் தீர்ப்பு வேண்டுபவரே அச்செய்திகளை மெய்ப்பிக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 101ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதை மாற்றவில்லை. பிறரிடம் ஒன்றைக் கோருபவரே சான்று தர வேண்டும் என்னும் இந்த முறை, சமய வாதத்துக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே, எந்தத் தொலைநோக்கிக்கும் தென்படாத சிறு தேநீர்க் கெண்டி ஒன்று சூரியனைச் சுற்றிவருகிறது என்று ஒருவர் சொன்னால், மறுக்க இயலவில்லை என்பதற்காக அதை ஏற்க வேண்டியதில்லை என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் 1952இல் எழுதினார். வலுவான வாதம்தான். ஆயினும், "எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆகவே ஏற்கவில்லை" என்பவரை மட்டுமே அது காக்கும். "கடவுள் இல்லை, இது உறுதி" என்று மேடையேறுபவரும் ஒரு கொள்கையை முன்வைக்கிறார் என்பதால், அவரும் காரணம் காட்டியே தீர வேண்டும்.

நம் நூல்கள் இதில் மிகுந்த கண்டிப்புடையவை. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர், அதாவது பல சமயங்களின் வாதிகள், ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். மாற்றுக் கொள்கை ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அவளை எவரும் தடுக்கவில்லை. பின்னர் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குக் கற்பிக்கும் அளவை என்னும் தருக்க முறையிலோ, இம்மலை நெருப்புடையது என்று சொல்லி நிறுத்திவிட முடியாது: புகையுடைமையால் என்று ஏதுவும் (காரணமும்), அடுக்களை போல என்று திட்டாந்தமும் (எடுத்துக்காட்டும்) சொல்பவரே தர வேண்டும். சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலில் அருள்நந்தி சிவாச்சாரியார், பரபக்கம் என்னும் பகுதியில் பிற மதங்களை மறுத்ததோடு தம் வேலை முடிந்ததாகக் கருதவில்லை. சுபக்கம் என்னும் அடுத்த பகுதியில் தம் சித்தாந்தத்தைத் தனியே நிறுவுகிறார். எதிரியின் தோல்வியையே தம் வெற்றியாகக் காட்டும் இன்றைய பேச்சாளர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் மூதாட்டியிடம் சான்று கேட்பது முறையன்று. அவர் எவரிடமும் எதையும் கோரவில்லை. அந்த நம்பிக்கையைக் கைவிடுமாறு அவரிடம் சொல்பவர்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால், காசநோய்க்கான மாத்திரையை நிறுத்திவிடு, மந்திரித்த தாயத்தே போதும் என்று ஒருவர் சொல்லும்போது, முழுச் சுமையும் அவர் தலையில்தான் ஏறுகிறது. தாயத்துக்கு ஆற்றல் இல்லை என்று மெய்ப்பிக்கும் கடமை நோயாளிக்கு இல்லை. கேட்கப்படுவது உயிரளவு பெரிதாயின், தரவேண்டிய சான்றும் அந்த அளவு உறுதியாக இருக்க வேண்டும்.

ஆகவே, வாதத்தில் நடுவராக அமர்பவர், எதிரில் இருப்பவர் எதை ஏற்க வேண்டும், எதை விட வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என இரு தரப்பாரையும் முதலில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். யார் முதலில் பேசுவது என்பது அந்தத் தாளிலிருந்தே தெரிந்துவிடும்.