கொழுகொழு எழுத்துருவும் மூன்று சுழி ண-வும்

வணக்கம் நண்பர்களே! ரொம்ப நாளாகப் பேச நினைத்த விஷயம் இது. முனையெல்லாம் உருண்டு, தடித்து, வட்டத்தையும் நேர்கோட்டையும் மட்டும் வைத்துக் கட்டியது போல இருக்கும் தலைப்பு எழுத்துருக்கள்.

முதலில் திரையைப் பாருங்கள். ஆங்கில எச், பக்கத்தில் ஓ. இரண்டும் ஒரே உயரமாகத் தெரிகிறதல்லவா? இப்போது எச்-சின் தலையிலும் காலிலும் ஒரு கோடு இழுக்கிறேன். ஓ அந்தக் கோட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் தாண்டுகிறது. அளவெடுத்து ஒரே உயரத்தில் வரைந்தால் வட்டம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், அதனால்தான் இப்படி. இன்னும் பெரிதாக்குகிறேன். பக்கவாட்டில் இருக்கும் தடிமன் மேல் வளைவில் இல்லை, ஒரு துளி மெலிந்திருக்கிறது. காம்பஸ் வைத்துப் போட்டது போலத் தோன்றினாலும் கடைசிக் கணக்கு கண்ணுடையதுதான். இதைக் கவனித்த பிறகுதான் இந்த வகை மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்தது.

இதன் வேர் ஜெர்மனியில். 1925-இல் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் ஹெர்பர்ட் பேயர் வட்டங்களை வைத்து எழுத்து வரைந்தார். 1927-இல் பால் ரென்னரின் ஃபியூச்சுரா எழுத்துரு வந்தது. உருண்டை முனைக்குப் பெயர்போன வேக் ரவுண்டட், 1979-இல் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்துக்காக உருவானது. ஆப்பிள் விசைப்பலகைகளிலும் பல ஆண்டுகள் அந்த எழுத்துதான்.

சரி, எங்கே போடலாம்? லோகோ, போஸ்டர், குழந்தைப் புத்தக அட்டை, வீடியோ தம்ப்நெயில். இரண்டு மூன்று சொல், பெரிய அளவு, அவ்வளவுதான். பத்தி முழுக்கப் போடாதீர்கள். இதோ, அளவைக் குறைக்கிறேன். ஆங்கிலச் சின்ன ஈ-யின் வயிற்றில் இருக்கும் ஓட்டை அடைபட்டு, வரியே கறுப்புப் பட்டையாகிவிட்டது. கீழே வரும் விவரத்துக்கு மெலிந்த, சாதாரண எழுத்துரு வையுங்கள்.

அப்புறம், தமிழ். பலூ தம்பி என்று ஒரு எழுத்துரு இருக்கிறது, ஏக் டைப் குழு செய்தது. இலவசம், கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும். அதில் 'வண்ணம்' என்று அடிக்கிறேன். மூன்று சுழி ண, அடுத்தடுத்து இரண்டு முறை! தடித்த கோட்டில் இத்தனை சுழியை அடைப்பது லேசான வேலை இல்லை. எழுத்தை அகலமாக்க வேண்டும், இல்லையென்றால் உள்கோட்டை மெலிதாக்க வேண்டும். இரண்டையும் அளவோடு செய்தால்தான் சுழிக்குள் வெள்ளை மிஞ்சும். தமிழுக்கு உருண்டை எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் அடித்துப் பார்ப்பது ண-தான்.

இன்னொன்று. தலைப்பு இரண்டு வரியானால், மேல் வரி 'கு'வின் வாலும் கீழ் வரிப் புள்ளியும் முட்டிக்கொள்ளும். கொழுத்த எழுத்தில் புள்ளியும் பெரிசு. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி இங்கே போதாது. கொஞ்சம் கூட்டுகிறேன்... இன்னும் கொஞ்சம்... இதோ, விலகிவிட்டது.

உங்களிடம் இருக்கும் எழுத்துருவில் 'வண்ணம்' அடித்துப் பாருங்கள். ண எப்படி வருகிறது என்று கீழே எழுதுங்கள்.