விலையா, விவரமா? விவரமே!

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்கும் எதிரணி அண்ணன்களே, அக்காக்களே, டிசம்பர் குளிரில் மூன்று மெட்ரோ மாறி இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பாரிஸ் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. 'கிறிஸ்துமஸ் விருந்துக்கு நல்ல வைன் பாட்டிலைக் காட்டிக்கொடுப்பது விலையா, விவரமா?' எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். காசுக்கேத்த பணியாரம், வைனும் அப்படித்தான் என்றார். பிரான்சின் பெருமைமிக்க தரப்பட்டியலே விலையை வைத்துப் போட்டதுதான் என்றார். அப்புறம், விருந்துக்குப் போகிற வீட்டில் நம் கௌரவம் முக்கியம், விலை உயர்ந்த பாட்டிலை நீட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். கைத்தட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன், கை கொஞ்சம் சூடாகட்டுமே என்று.

என்னை வைன் நிபுணன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புதுச்சேரியிலிருந்து வந்தவன், 15 வருடமாக ஒரு பெரிய கடையில் வைன் ரேயோனில், அதாவது வைன் விற்கும் பகுதியில், அட்டைப்பெட்டி உடைத்து பாட்டில் அடுக்குகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுவலியோடு சேர்ந்து வந்த படிப்பு. என் மனைவி ஒரு சொட்டுகூடக் குடிக்க மாட்டாள், ஆனால் வீட்டுக்கு வரும் எந்த பாட்டிலையும் திருப்பிப் பின்பக்கம் முழுக்கப் படிக்காமல் மேசையில் வைக்க விடமாட்டாள். எங்கள் அணிக்குத் தலைவியாக வந்திருக்க வேண்டியவள் அவள்தான்.

டிசம்பர் 24 சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்து பாருங்கள். கோட்டைக் கழற்ற நேரமில்லாமல், காதில் போனை இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வருவார். "முசே, 40 யூரோவில் நல்ல பாட்டில் ஒன்று கொடுங்கள்." சரி, என்ன சமையல் என்று கேட்பேன். முழிப்பார். மீனா, கறியா, கடைசியில் கேக்குக்கா? அதற்கும் முழிப்பார். 40 யூரோ மட்டும் உறுதியாக இருக்கும். நடுவர் அவர்களே, நம் வீட்டில் வெண்டைக்காய் வாங்கினால்கூட நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். அதே நாம், அதைவிடப் பத்து மடங்கு விலை போட்டு வாங்கும் பாட்டிலில் எழுதியிருப்பதை வாசிப்பதில்லை. எதிரணித் தலைவர் பணியாரம் என்றாரே, தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்காமல் யாராவது பணியாரம் வாங்குவார்களா?

விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாதாட மாட்டேன், அது அநியாயம். கையால் பறித்த திராட்சை, சரிவான நிலம், ஓக் மரப் பீப்பாய், எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அடிமட்ட விலைக்குப் போனால் பாட்டிலும் தக்கையும்தான் மிஞ்சும். ஆனால் அந்தச் செலவு எது வரைக்கும்? பிரான்சின் போர்தோ பகுதிப் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 பாட்டில். புதுப் பீப்பாய் 900 யூரோ என்றே வைத்துக்கொள்வோம், பாட்டிலுக்கு 3 யூரோதானே ஆகிறது? 20 யூரோ பாட்டிலுக்கும் 200 யூரோ பாட்டிலுக்கும் நடுவில் இருக்கிற 180 யூரோவையும் பீப்பாய் குடித்துவிட்டதா என்ன! அதில் பெரும்பங்கு பெயருக்கும், ஊருக்கும், கிடைப்பது அரிது என்பதற்கும் கொடுக்கிற காசு. கொடுக்கிறவர் தெரிந்து கொடுத்தால் சரி.

அடுத்து அந்தத் தரப்பட்டியல். 1855ல் மூன்றாம் நெப்போலியன் பாரிசில் நடத்திய கண்காட்சிக்காக போர்தோ தரகர்கள் போட்டது அது, அன்றைய சந்தை விலையை வைத்துத்தான் போட்டார்கள். எதிரணி சொன்னது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரிசையில் நடந்த பெரிய மாற்றம் ஒன்றே ஒன்று, 1973ல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்கிற போர்தோ தோட்டம் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது. 1855க்குப் பிறகு தோட்டங்கள் கை மாறின, கொடிகளைப் பிடுங்கிப் புதிதாக நட்டார்கள், மருந்து இல்லாத பூச்சி வந்து பிரான்சின் திராட்சைத் தோட்டங்களையே அழித்தது, பட்டியல் மட்டும் அப்படியே நிற்கிறது. தாத்தா வாங்கிய மார்க் ஷீட்டைக் காட்டிப் பேரனுக்கு வேலை கேட்கிற மாதிரி.

அப்படி முதல் படிக்கு ஏறி மூன்றே வருடத்தில் என்ன ஆயிற்று? 1976 மே 24, இதே பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்கிற ஆங்கிலேய வைன் வியாபாரி ஒரு போட்டி வைத்தார். பாட்டிலின் பெயரை மறைத்துவிட்டு ஊற்றிக் கொடுத்தார். மதிப்பெண் கணக்கில் சேர்ந்த ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள், எல்லோரும் கைதேர்ந்தவர்கள். சிவப்பில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். வெள்ளையிலும் கலிஃபோர்னியாதான். மூத்தோன் இரண்டாவது இடத்துக்கு வந்தது, அது கெட்ட வைன் என்று நான் சொல்லவில்லை, பெயரும் விலையும் துணிக்குள் ஒளிந்ததும் நாக்கு வேறு தீர்ப்புச் சொன்னது என்பதுதான் விஷயம்.

இன்னொரு ஆய்வு, 2008ல் வெளிவந்தது, கலிஃபோர்னியாவில் செய்தது. ஒரே வைனை 10 டாலர் என்று சொல்லியும் 90 டாலர் என்று சொல்லியும் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 90 என்று சொன்னபோது மூளையில் இன்பத்தோடு சம்பந்தப்பட்ட பகுதி கூடுதலாக வேலை செய்தது. எதிரணி அக்கா உடனே தலையாட்டுகிறார், 'பார்த்தீர்களா, விலை ருசியைக் கூட்டுகிறது' என்று. கூட்டட்டும் அக்கா, 6 யூரோ பாட்டிலை வாங்கி, பேனாவை எடுத்து 60 என்று எழுதிவிடுங்கள். வேலை முடிந்தது.

விலையை நம்பினால் எதுவரை போகும் என்பதற்கு நியூயார்க்கில் 2008ல் நடந்த ஏலத்தைச் சொல்கிறேன். ரூடி குர்னியவான் என்பவர் பிரான்சின் பர்கண்டி பகுதியின் பழைய பாட்டில்களைக் கொண்டுவந்திருந்தார். குளோ சேன் தெனி தோட்டத்து வைன், போன்சோ குடும்பத் தயாரிப்பு, 1945லிருந்து 1971 வரை. அள்ளிக் கொட்டப் பணக்காரர்கள் தயார். லோரான் போன்சோ பிரான்சிலிருந்து விமானம் ஏறி ஏல மண்டபத்துக்கே வந்துவிட்டார். என்ன காரணம்? அவர் குடும்பம் அந்தத் தோட்டத்து வைனைச் செய்யத் தொடங்கியதே 1982ல்! பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழ். பாட்டில்களை ஏலத்திலிருந்து எடுத்தார்கள், போலி வைனைத் தன் வீட்டிலேயே கலந்துகொண்டிருந்த குர்னியவானுக்கு 2014ல் பத்து வருட சிறை. அந்த மண்டபத்தில் பணம் நிறையப் பேரிடம் இருந்தது, 1982 என்கிற ஒரு விவரம் போன்சோவிடம் இருந்தது.

சரி, நம்ம ரேயோனுக்கு வருவோம். ஷாம்பெய்ன் பாட்டிலைக் கையில் எடுங்கள். லேபிளின் ஓரத்தில், எறும்பு அளவில் இரண்டு எழுத்து இருக்கும், பக்கத்தில் எண். 'ஆர்.எம்.' என்று இருந்தால் திராட்சை வளர்க்கிறவரே வைனும் செய்கிறார். 'என்.எம்.' என்றால் திராட்சையை வெளியில் வாங்கியும் செய்கிற நிறுவனம், பெரிய பெயர்கள் பெரும்பாலும் இதில்தான். 'எம்.ஏ.' என்றால் படித்த பாட்டில் என்று நினைத்துவிடாதீர்கள், யாரோ செய்ததை வாங்கித் தன் பெயரை ஒட்டிக்கொள்கிற கடை அல்லது வியாபாரி என்று அர்த்தம். தங்க நிறப் பெட்டிக்குள் 'எம்.ஏ.' பாட்டில் உட்கார்ந்திருப்பதையும், அதே விலையில் பக்கத்திலேயே பெட்டியில்லாமல் 'ஆர்.எம்.' நிற்பதையும், ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதையும் ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன். சிலசமயம் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன், சிலசமயம் மேலாளர் பக்கத்தில் நிற்பார்.

அப்புறம் சர்க்கரை. பிரெஞ்சில் 'செக்' என்றால் இனிப்பில்லாதது என்று நினைப்பீர்கள், ஷாம்பெய்னில் 'செக்' என்று போட்டால் லிட்டருக்கு 17லிருந்து 32 கிராம் வரை சர்க்கரை. 'ப்ரூட்' தான் 12 கிராமுக்குக் கீழே. 'தெமி-செக்' 32லிருந்து 50. கிறிஸ்துமஸ் கடைசியில் வெண்ணெய் க்ரீம் பூசிய மரக்கட்டை கேக் வருமே, அதோடு ப்ரூட்டை ஊற்றுகிறார்கள். ஜாங்கிரி தின்றுவிட்டு டீ குடித்த மாதிரி நாக்கு சப்பென்று ஆகி, வைன் புளிக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். பாட்டில் 45 யூரோவாக இருக்கலாம், கேக் முன்னால் அது தோற்றுவிடும். பாதி விலைக்கு ஒரு தெமி-செக் அங்கே ராஜா. ஷாம்பெய்ன்தான் வேண்டுமென்று இல்லை என்றால் கிரேமான் என்கிற நுரை வைன் இருக்கிறது, அல்சாஸ், லுவார், பர்கண்டி, லிமூ என்று எட்டுப் பகுதிகளில் செய்கிறார்கள். ஷாம்பெய்ன் மாதிரியே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க விடுவார்கள், ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது ஒன்பது மாதம் கிடக்கும். விலை பல நேரம் பாதிக்கும் கீழே.

நம் வீட்டு விருந்து இன்னும் தனி. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் ஆட்டுக்கறி பிரியாணியும் மிளகு வறுவலும். அதற்கு மாமா பெருமையாக ஒரு கனமான, 14.5 சதவீத சிவப்பு வைனைத் திறப்பார். மிளகாய் எரிச்சலும் ஆல்கஹால் சூடும் சேர்ந்தால் தொண்டையில் தீபாவளிதான். அல்சாஸிலிருந்து லேசாக இனிக்கிற வெள்ளை வைன், ரீஸ்லிங்கோ, லிச்சிப் பழ வாசனை அடிக்கும் கெவுர்ட்ஸ்ட்ராமினரோ நன்றாகக் குளிர வைத்துக் கொடுத்துப் பாருங்கள். உயரமான ஒல்லி பாட்டில், திராட்சையின் பெயர் லேபிளிலேயே இருக்கும், தேடவே வேண்டாம்.

கடைசியாகக் கௌரவம். இதில் நானே அடிபட்டவன், அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2009 டிசம்பர். இந்த வேலையில் சேர்வதற்கு முந்தைய வருடம். எங்கள் மாடியில் ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி, நல்ல மனிதர்கள், 24 இரவு சாப்பிட வரச் சொன்னார்கள். வெறுங்கையோடு போகலாமா? எதிரணி சொன்ன அதே கணக்கைப் போட்டு 58 யூரோ கொடுத்து 2005 போயாக், போர்தோவின் சிவப்பு வைன், ஒன்று வாங்கினேன். அப்போது என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. படியேறும்போது விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினேன், பாதி கிழிந்து பசை ஒட்டிக்கொண்டது, எச்சில் தொட்டுத் துடைத்தேன். வீட்டுக்கார முசே அதை இரண்டு கையாலும் வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "ஓ!" என்றார், அப்படியே அடித்தளத்தில் இருக்கிற அவருடைய காவுக்கு, அதாவது வைன் நிலவறைக்கு, கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மேசையில் சிப்பி. கூடவே ஒரு சாதாரண முஸ்காதே வெள்ளை வைன், நான் கடையில் 7 யூரோவுக்குப் பார்த்து ஒதுக்கியது. எனக்கு முகம் தொங்கிவிட்டது. கொடுத்ததை ஒளித்துவிட்டு மலிவானதை ஊற்றுகிறாரே என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினேன்.

ரேயோனில் இரண்டு வருடம் பாட்டில் தூக்கின பிறகுதான் புரிந்தது. நான்கே வயதான போயாக், அதுவும் 2005 மாதிரி ஆண்டில், வாயில் வைத்தால் பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி துவர்க்கும். சிப்பியோடு சேர்ந்தால் நாக்கில் துருப்பிடித்த ஆணி ருசி. முஸ்காதே நாந்த் பக்கத்துக் கடலோர வைன், 'சூர் லி' என்று லேபிளில் இருந்தால் குளிர்காலம் முழுக்க வண்டல் மேலேயே கிடந்தது என்று பொருள், சிப்பிக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேடுவது சிரமம். மனிதர் என் கௌரவத்தைக் கெடுக்கவில்லை, என் பாட்டிலை என்னிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்.

போன வாரம் கதவைத் தட்டினார். அந்த போயாக் பதமாகிவிட்டதாம், 24 இரவு அதைத் திறக்கப் போகிறாராம், அதற்காகவே ஆட்டுத் தொடை வாங்கி வைத்திருக்கிறார். நான் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். சிப்பிக்கு நீ கொண்டுவா என்றார்.

நேற்று வேலை முடிந்ததும் ஒரு முஸ்காதே எடுத்து வைத்துவிட்டேன், 'சூர் லி'. 8 யூரோ 40. இந்த முறை விலைச் சீட்டைச் சுரண்டப் போவதில்லை நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.