ரிஃபாம்பிசின் தொடங்கும் நாளும் நிற்கும் நாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

காசநோய் என்றால் நுரையீரல், மாரடைப்பு என்றால் இதயம் என்று பிரித்து வைத்தே பழகிவிட்டோம். மருத்துவர்களும் வேறு, மருந்துச் சீட்டுகளும் வேறு. ஆனால் நுரையீரலும் இதயமும் ஒரே நெஞ்சுக்கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு சீட்டிலும் உள்ள மாத்திரைகள் ஒரே கல்லீரலுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கிருமி இதயத்தை நேரடியாகத் தொடும் இடத்தைப் பார்ப்போம். அது இதயத்தைச் சுற்றியுள்ள உறை. அதற்குள் வழக்கமாக 15 முதல் 50 மில்லி நீர்தான் இருக்கும். நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கட்டிகளிலிருந்து காசநோய் இந்த உறைக்குப் பரவினால் அங்கே நீர் கோக்கும். மெதுவாகச் சேர்ந்தால் உறையும் விரிந்து கொடுத்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். விரைவாகச் சேர்ந்தாலோ 200 மில்லியே இதயத்தை நெருக்கி, அது விரிந்து ரத்தம் வாங்க முடியாமல் செய்துவிடும்.

மாலைக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தால் மூச்சு வாங்குதல், கழுத்து நரம்பு புடைப்பு, கால் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். கால் வீக்கத்தை மட்டும் பார்த்து நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது இங்கே அடிக்கடி நேரும் தவறு. நெருக்குண்ட இதயம், உள்ளே வரும் ரத்தத்தின் அழுத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். உடலிலுள்ள நீரை வற்றவைத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கையில் கட்டும் பிரஷர் கருவியே உதவும். நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, காற்றை மிக மெதுவாக இறக்க வேண்டும். முதலில் மூச்சை வெளியே விடும்போது மட்டும் துடிப்பொலி கேட்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். இன்னும் இறக்கினால் மூச்சை இழுக்கும்போதும் கேட்கத் தொடங்கும். அது இரண்டாவது எண். முதலாவது 118, இரண்டாவது 100 என்றால் வித்தியாசம் 18. வித்தியாசம் 10-ஐத் தாண்டினாலே எக்கோ எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லிவிட்டு அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

நீர் நெருக்கினால் ஊசி வைத்து எடுப்பார்கள். அந்த நீரில் கிருமிகள் குறைவாகவே இருக்கும் என்பதால், பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்ற முடிவை வைத்து மட்டும் காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சை வழக்கமான ஆறு மாதம்தான்: இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு அல்லது மூன்று மருந்துகள். ஸ்டீராய்டு சேர்க்கலாமா என்பதை 1,400 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2014-ல் முடிவு வெளியிட்டார்கள். அது இறப்பைக் குறைக்கவில்லை. உறை தடித்து இதயத்தை இறுக்குவதைக் குறைத்தது. எச்ஐவி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டியது. ஆகவே எல்லாருக்கும் ஸ்டீராய்டு என்று எழுதிவிட முடியாது.

இனி மாத்திரைக்கு வருவோம். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிறதே, அந்தக் காசநோய் மருந்து ரிஃபாம்பிசின்தான் இங்கே கதாநாயகன். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை அது முடுக்கிவிடுகிறது. அந்த வேகம் உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு அடங்கவும் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அம்லோடிபின், நிஃபெடிபின், மெட்டோபிரோலால், லோசார்ட்டான் எல்லாம் பலம் குன்றிவிடும். அதனால் அடங்கியிருந்த ரத்தக் கொதிப்பு மூன்றாவது வாரத்தில் ஏறினால், நோயாளி மாத்திரை போடவில்லை என்று கடிந்துகொள்ள வேண்டாம். சிறுநீரகம் வழியாக வெளியேறும் அட்டெனலால், லிசினோபிரில் போன்றவை அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கணக்கே வேறு. ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளில் டிகாக்ரெலார் பெரிதும் வலுவிழக்கும் என்பதால் அதை ரிஃபாம்பிசினோடு சேர்ப்பதில்லை. குளோபிடோகிரெல் இதற்கு நேர்மாறு: கல்லீரல் மாற்றிய பிறகே அது வேலை செய்யும், அந்த மாற்றமும் கூடுவதால் ரத்தக்கசிவு அபாயம் ஏறுகிறது. சளியில் ரத்தம் வருகிறது என்று பயந்து ஸ்டென்ட் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் கவனம் கேட்பது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தினம் 4 மில்லிகிராமில் ஒருவருக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்; கூடினால் மெதுவாக உறையும்) 2.5 என்று நிலையாக இருக்கிறது. ரிஃபாம்பிசின் தொடங்கிய சில நாட்களில் 1.3-க்கு இறங்குகிறது. அளவைப் படிப்படியாகக் கூட்டி 12 மில்லிகிராமுக்குக் கொண்டுபோனால்தான் பழைய நிலை திரும்புகிறது. இந்த ஏற்றத்தை எல்லாரும் கவனிக்கிறார்கள், அதற்காகவே பரிசோதனையும் அடிக்கடி செய்கிறார்கள். நான் அதிகம் அஞ்சுவது ஆறாவது மாத முடிவை. காசநோய் குணமாகிவிட்டது என்று ரிஃபாம்பிசின் நிற்கிறது. அந்தச் செய்தி இதய மருத்துவரை எட்டுவதில்லை. 12 மில்லிகிராம் அப்படியே தொடர்கிறது. நொதி அடங்க அடங்க ரத்தம் உறையாமல் போய், வயிற்றிலோ மூளையிலோ கசிகிறது. வார்ஃபரினுக்குப் பதிலாக ரிவராக்ஸபான், அபிக்ஸபான் கொடுத்துத் தப்பிக்கவும் முடியாது. அவையும் ரிஃபாம்பிசினால் பலமிழக்கும்.

மருந்துக்கு அடங்காத காசநோயில் ரிஃபாம்பிசின் இருக்காது. ஆனால் பெடாகுயிலின், மாக்ஸிஃபுளோக்சசின், குளோஃபாசிமின் வருகின்றன. இவை இசிஜியில் கியூடி என்னும் இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் தொடங்கி அடங்கும் நேரத்தை, நீட்டும்; மிக நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம். இதயத் துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய அளவு 500 மில்லி செகண்டைத் தாண்டினால் காரணமான மருந்துகளை நிறுத்தி, பொட்டாசியம், மக்னீசியம் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிறு கண்ணி இருக்கிறது. காசநோய் மாத்திரையால் வரும் வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும் அதே இடைவெளியை நீட்டும். வாந்தியோ பொட்டாசியத்தை ஏற்கெனவே குறைத்திருக்கும்.

நோய் ஆறிய பிறகும் இதயத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட அழற்சி ரத்தக் குழாய்ச் சுவரைப் புண்படுத்துகிறது. காசநோய் வந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. புகையும் சர்க்கரை நோயும் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் என்பதால் பழி முழுவதும் கிருமிக்கே என்று சொல்ல மாட்டேன். நுரையீரல் அதிகம் தழும்பேறியவர்களுக்கு இதயத்தின் வலப்பக்கம் திணறும். கால் வீங்கினால் அதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே ரிஃபாம்பிசின் நிற்கும் தேதியை, தொடங்கிய நாளிலேயே இதய மருந்துச் சீட்டின் மேல் எழுதி வையுங்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் அந்தத் தேதியிலிருந்து குறைந்தது நான்கு வாரம், வாரம் ஒருமுறையாவது ஐஎன்ஆர் பார்த்து, மருத்துவர் சொல்லும்படி அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஈறில் ரத்தம், கறுத்த மலம், திடீர்த் தலைவலி எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம்.