ஆறாவது விரல்

நடுவர் அவர்களே, வணக்கம். 'மோசமான புத்தக அட்டையைக் கேலி செய்வது சரியா, தவறா?' இதுதான் தலைப்பு. தவறு என்று எதிரணித் தலைவர் கண் கலங்கப் பேசினார். ராப்பகலாக எழுதியவர் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டார். ஐயா, நானும் எழுத்தாளர் கட்சிதான். அதனால்தான் சிரிக்கிறேன்.

போன வாரம் ஒரு நாவல் படித்தேன். கதாநாயகிக்கு 62 வயது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், முழங்கால் வலி. அட்டையில் யார்? இருபது வயதுப் பெண் கூந்தலை அவிழ்த்துவிட்டு, கடற்கரையில் முதுகைக் காட்டி நிற்கிறாள். கதையில் கடலே கிடையாது. சரி, போகட்டும் என்று உற்றுப் பார்த்தால், நிலா இடது பக்கம். அவள் நிழலும் இடது பக்கமே விழுகிறது. அப்புறம் கை விரலை எண்ணினேன். ஆறு! கணக்கு டீச்சர் ஆயிற்றே என்று ஒன்றைக் கூட்டிவிட்டார்கள் போல.

இதை அந்த எழுத்தாளரா கேட்டார்? பெரும்பாலும் அட்டை விஷயத்தில் கடைசி வார்த்தை பதிப்பாளருடையது. ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் காலையில் பூச்சியாக மாறி எழுகிற கதை 'உருமாற்றம்'. 1915இல் அது நூலாக வரும்போது, அந்தப் பூச்சியை மட்டும் வரையாதீர்கள், தூரத்தில்கூடக் காட்டாதீர்கள் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அந்த முறை கேட்டார்கள். கதவருகே முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு மனிதன், அவ்வளவுதான். பிற்பாடு வந்த பதிப்புகளைப் பாருங்கள். எத்தனை அட்டைகளில் கரப்பான்பூச்சி! சிலதில் மீசை தலைப்பையே தொடுகிறது. இதைப் பார்த்துச் சிரித்தால் புண்படப்போவது காஃப்காவா?

எதிரணியில் இரண்டாவதாக வந்தவர், நல்ல அட்டைக்குக் காசு வேண்டாமா என்றார். 1935இல் இங்கிலாந்தில் பெங்குவின் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புகள் வந்தபோது அட்டையில் ஓவியமே கிடையாது. மூன்று பட்டை, நடுவில் தலைப்பு, கீழே சின்னதாய் ஒரு பெங்குவின். நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை. ஒரே தலைப்புக்கு நிழல், ஒளிவட்டம், தங்க முலாம் மூன்றையும் பூசுவது காசில்லாமல் அல்ல, ஆசை அடங்காமல்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். இணையத்தில் எடுத்த 600 புள்ளி அகலப் படம் இரண்டு அங்குலத்துக்குத்தான் காணும். அதை ஐந்தரை அங்குலத்துக்கு இழுத்தால் கதாநாயகன் முகம் சதுரங்கப் பலகையாகிறது. காசு கொடுக்காமல் எடுத்த படமென்றால் இன்னும் விசேஷம். மூக்குக்குக் குறுக்கே படம் விற்பவர் பெயர் மங்கலாகத் தெரியும்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். தானே எழுதி, தானே அட்டையும் போட்டவரைச் சபையில் கேலி செய்ய மாட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொள்வேன். மற்றவர்கள் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு வாங்கினோம் என்றால், அடுத்த நாவலில் ஏழு விரல்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு விண்ணப்பம். எதிரணித் தலைவர் வந்ததிலிருந்து மேசைமேல் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார். பழுப்புத் தாள் சுற்றி, நாலு ஓரமும் ஒட்டியிருக்கிறது. அழுக்காகாமல் இருக்கத்தான் என்பார். நடுவர் அவர்களே, அந்தத் தாளை ஒரு நிமிடம் பிரிக்கச் சொல்லுங்கள்.